பிரிவூசி போட்ட வீடு

என் இரண்டு கண்கள்மேல் ஆணையாகச் சொல்கிறேன், இதில் ஓர் எழுத்துகூடப் பொய் கிடையாது. தூத்துக்குடியில் என் எதிர்வீட்டில் நடந்தது.

அன்று ஜெசிந்தா பிரிவூசி போட்டுக்கொண்ட இரண்டாம் நாள். காதலிக்கிறவரின் வியர்வைத் துளியைச் சேர்த்துத் தயாரிக்கும் ஊசி அது. அந்த ஆள் விட்டுப் போனால் வரக்கூடிய துக்கம் முழுவதும் மூன்றே நாளில் முன்கூட்டி வந்து தீர்ந்துவிடும். மணிக்கட்டில் கட்டிய துயர்மானி பச்சைக்கு மாறிவிட்டால், பிறகு அவர் கப்பலேறி ஓடினாலும் உங்களுக்கு ஒரு தும்மல்கூட வராது. பச்சை விழும்வரை மட்டும் அவர் முகத்தைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் மருந்து முறிந்துவிடும். அதே ஆளுக்காக மறுபடி போடவும் முடியாது.

மாதா கோயிலில் கல்யாண ஓலை வாசித்து அறிவிக்கும் முன் ஊசி போடுவது ஊர் வழக்கமாகிவிட்டது. துக்கவீடு என்றால் சும்மா விடுவோமா? அக்கம்பக்கத்தார் சுக்குக் காப்பியோடு வந்து பெஞ்சு போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். முதல் புருஷன் சொல்லாமல் கொள்ளாமல் போனதில் பாதியாகிப் போனவள் ஜெசிந்தா. இன்னொரு முறை தாங்காது என்றுதான் ஊசி. இப்போது உயிரும் உடம்புமாக இருக்கிற இன்னாசிக்காக உள்ளறையில் குமுறிக்கொண்டிருந்தாள்.

இன்னாசி துறைமுகத்தில் தானோட்டிப் படகுகளைப் பழுது பார்க்கிறவன். அழுகை தெருமுனைவரை கேட்க, இருப்புக்கொள்ளாமல் வந்துவிட்டான். அவனை அடையாளம் தெரியாத பக்கத்து வீட்டுக்காரி உட்காரவைத்துக் காப்பி கொடுத்து, 'போய்விட்ட' இன்னாசி எவ்வளவு தங்கமான ஆள் என்று அவனிடமே சொன்னாள். அவனும் தலையாட்டிக் குடித்துவிட்டு, எழுந்து போய் உள்ளறைக் கதவைத் தட்டினான்.

"ஏட்டி, தொறக்காத," என்றாள் ஜெசிந்தாவின் அக்கா பெர்னதெத். "இன்னும் ஒரு ராத்திரிதான்."

"நான் ஊசி போடல ஜெசி," என்றான் இன்னாசி.

"ஏன்?"

"பயம்தான். போட்டுட்டு, நீ வீட்டுக்கு வர நேரமானா நான் பாட்டுக்குத் தூங்கிருவேனோன்னு."

உள்ளே அழுகை நின்றது. துயர்மானியின் ஓரத்தில் பச்சை எட்டிப் பார்த்தது. ஜெசிந்தா அவசரமாக அவன் முகத்தை நினைத்துப் பார்த்தாள். ரேஷன் கடை வரிசையில் முன்னால் நிற்கிற யாரோ ஒருவரின் முகம்போல இருந்தது. பதறிப்போய்க் கதவைத் திறந்தாள். துயர்மானி அணைந்தே போயிற்று.

"நீங்க போனா எப்படி நோவும்னு ரெண்டு நாளாப் பாத்துட்டேன்," என்று அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "அவ்வளவு நோவும்."

கல்யாணம் நடந்தது. இன்றும் படகுத்துறையிலிருந்து அவன் வர நேரமானால் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடக்கிறாள், நாலு தடவை கூப்பிடுகிறாள், வந்ததும் சண்டை போடுகிறாள். தன் கல்யாணத்துக்கு முன் முறைப்படி ஊசி போட்டுக்கொண்ட பெர்னதெத் நிம்மதியாக இருக்கிறாள். அவள் கணவர் ஊரைவிட்டே போய் ஒரு மாதமாகிறது. கவனிக்காமல் அவருக்கும் சேர்த்து மீன் வாங்கிக்கொண்டிருக்கிறாள்.

இதெல்லாம் நடக்க இன்னும் அறுபது வருடம் இருக்கிறது.