சவுந்தரத்தின் காடி ஜாடி

1989 மார்ச் 12, ஞாயிற்றுக்கிழமை. மாலை 4.10.

ராமலட்சுமி அம்மாள் ஜாடியின் வாய்த்துணியை அவிழ்த்தார். வெள்ளிக் கரண்டியை உள்ளே விட்டு ஒரு சுற்று சுற்றினார். இன்னொரு சுற்றும் சுற்றினார். பிறகு கரண்டியை வெளியே எடுத்து, அதிலிருந்து சொட்டிய பழுப்புத் தண்ணீரைப் பார்த்து, "களவு!" என்றார்.

பாளையம்பட்டி மகளிர் சமையல் பரிமாற்றக் குழுவின் 'ஆடை ஒப்படைப்பு விழா' அத்தோடு நின்றது. வரவேற்புரை முடிந்திருந்தது. தலைமையுரையும் முடிந்திருந்தது. இரண்டையும் தலைவி ராமலட்சுமி அம்மாளே ஆற்றியிருந்தார். சிறப்புரைக்கும் அவர் வேறு ஆளைத் தொந்தரவு செய்வதாக இல்லை. கூடியிருந்தவர்களில் பதினோரு பெண்கள், ஒரே ஒரு ஆண். அந்த ஆண் கழுத்தில் சாமந்தி மாலையும் கையில் கழுவித் துடைத்த காலி ஜாடியுமாக, மாப்பிள்ளைக்கும் கைதிக்கும் நடுவில் ஒரு கோலத்தில் நின்றார். டவுன் ஸ்டேஷன் ஏட்டு செல்வதுரை.

அவர் களவு பிடிக்க வரவில்லை. மனைவியின் கைப்பட்ட கடைசிப் பொருளை வாங்கிப்போக வந்தார்.

சவுந்தரம் போய் நாலு வருடம். கருப்பட்டித் தண்ணீரைப் புளிக்க வைத்து அவள் போடும் காடிக்கு, டவுன்காரர்கள் வினிகர் என்பார்களே அதற்கு, போலீஸ் லைனே கிண்ணம் நீட்டும். காடி முற்றும்போது மேலே ஓர் ஆடை படியும். பாலாடை மாதிரி இருக்கும். ஆனால் தடிமன், வழுக்கல். அதற்கு உயிர் உண்டு. ஒரு துண்டு கிள்ளிப் புதுக் கரைசலில் விட்டால் அங்கேயும் வளர்ந்துகொள்ளும். அப்படித்தான் ஒரு வீட்டுக் காடி இன்னொரு வீட்டுக்குக் குடிபோகும். காடியாகும் முன் ஒரு வாரம் அந்த ஜாடி மதுவிலக்குச் சட்டத்துக்குள் போய்வரும் என்பது ஏட்டுக்குத் தெரியும். அந்த வாரங்களில் அவர் அடுப்படிப் பக்கம் ரோந்து போனதில்லை. ஜாடியைச் சுற்றும் பொடிக்கொசுவைப் பார்த்தால் மட்டும், "ஏ சவுந்தரம், கொசு வந்திருச்சு" என்று சத்தம் போட்டுவிட்டுத் துண்டால் விசிறுவார். "வரட்டும். உசுரோட இருக்குன்னு அர்த்தம்" என்பாள் அவள்.

அவள் போன பிறகு ஜாடி கெட்டுப்போனது. எப்படிக் கெட்டது என்று யாராவது கேட்டால் ஏட்டு பேச்சை மாற்றிவிடுவார். அந்த ருசியைத் தேடித்தான் குழுவில் சேர்ந்தார், மீசை வைத்த ஒரே உறுப்பினராக. கடைக் காடியில் பட்டை போட்டுப் பார்த்தார், கிராம்பு போட்டுப் பார்த்தார், நார்த்தங்காய்த் தோலையும் விடவில்லை. விழுங்கிய பிறகு தொண்டையிலிருந்து திரும்பி வருமே ஒரு வாசம், அது மட்டும் வரவே இல்லை. அவளிடம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார். "ஸ்டேசன் ரகசியத்த நீங்க சொல்லுங்க, ஜாடி ரகசியத்த நான் சொல்றேன்" என்று சிரித்தே ஓட்டிவிட்டாள்.

போன மாதம்தான் ஒரு செய்தி தெரிந்தது. பக்கத்துத் தெரு ரஹீமா வீட்டு ஜாடியில் இருப்பது சவுந்தரம் கொடுத்த ஆடை. ரஹீமாவின் கணவர் பீர் மைதீன் ஐந்து வருடமாக அரபு நாட்டில், தம்மாமில் இருக்கிறார். "மதினி குடுத்ததுதான் அண்ணே. ஒரு துண்டு எடுத்துட்டுப் போங்க" என்றாள் ரஹீமா. ஒரு நிமிட வேலை. ராமலட்சுமி அம்மாளின் காதில் விழுந்ததால் அது ரஹீமா வீட்டிலேயே ஒரு விழாவாகிவிட்டது.

மாலை 4.20.

ஏட்டு மாலையைக் கழற்றி நாற்காலியில் போட்டார். ஆடை காணாமல் போயிருந்த ரஹீமாவின் ஜாடிக்குள் விரல் விட்டு நக்கிப் பார்த்தார். புளித்தது. நாக்கின் அடியில் லேசாகத் துவர்த்தது.

ஜாடி இருந்தது சாமான் அறையில். ஒரு கதவு, ஒரு பூட்டு. ஜன்னலுக்குக் கம்பி வலை. சாவி ரஹீமாவின் இடுப்பில்.

"குற்றவாளி யாருன்னு எனக்குத் தெரியும்" என்றார் ராமலட்சுமி அம்மாள். குழுவில் எந்தக் கேள்விக்கும் முதல் பதில் அவருடையதுதான். "நேத்து சாயங்காலம் விழா ஏற்பாட்டுக்கு நாங்க வந்தப்ப இந்த அறை திறந்திருந்துச்சு. தட்டு எடுக்கணும்னு உள்ள போயிப் பத்து நிமிஷம் தனியா இருந்தது யாரு?"

எல்லாத் தலைகளும் மாரிக்கனி பக்கம் திரும்பின. பள்ளிக்கூடச் சத்துணவுக்குச் சமைப்பவள் அவள்.

"ஆமா, ஆடைய முந்தானையில முடிஞ்சுக்கிட்டுப் போயி, கம்மலுக்குப் பதிலா காதுல மாட்டியிருக்கேன், பாக்கலையா?" என்றாள் மாரிக்கனி. சொல்லி முடிக்கும்போதே குரல் உடைந்தது. "ஏட்டையா, நூத்தியிருபது பிள்ளைகளுக்குச் சோறாக்குற கை இது. களவாணின்னு ஒரு சொல்லு வெளிய போச்சுன்னா நாளைக்கு என்னைய அடுப்புக்கிட்ட விடுவாகளா?"

"அழாதீக. உள்ள என்ன பாத்தீக?"

"தட்டப் பாத்தேன். பதினாறு தட்டு."

"எண்ணிட்டா இருந்தீக?"

"போன வாரம் வந்தப்ப எண்ண முடிஞ்சுச்சா? பொடிக்கொசு மொய்ச்சு, வாயத் திறந்தா உள்ள போகும். நேத்து அந்தத் தொல்லை இல்ல. நிதானமா எண்ணி எடுத்தேன். அதுக்குத்தான் பத்து நிமிசம்."

"பாத்தீங்களா! எண்ணுறதுக்குப் பத்து நிமிஷமாம்!" என்றார் தலைவி.

ஏட்டு ரஹீமா பக்கம் திரும்பினார்.

"சாவிய யாருக்கும் குடுத்தியா தங்கச்சி?"

"இல்ல அண்ணே."

"ஆடைய நீ கடைசியா எப்பப் பாத்த?"

"செவ்வாக்கெழமை." தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"அன்னைக்கு என்ன விசேசம்?"

"அவுக லெட்டர் வந்துச்சு. பூண்டும் மெளகும் போட்ட காடி வேணும்னு எழுதியிருந்தாக. அங்க மீனுக்கு ஊத்திக்கிற வினிகரு வெறும் ஆசிட்டா இருக்காம். எங்க சொந்தக்காரப் பையன் சபீர் புதன்கெழமை காலையில தம்மாம் கெளம்புனான். அவன்கிட்ட ரெண்டு பாட்டில் குடுத்து விட்டேன்."

"காச்சிக் குடுத்தியா?"

"ஆமா" என்றாள்.

ராமலட்சுமி அம்மாள் குறுக்கே வந்தார். "ஏட்டையா, இதுக்கெல்லாம் கவலைப்படாதீங்க. எங்க தாத்தா கொழும்புல கப்பல் சாமான் வியாபாரம் பண்ணப்ப கொண்டு வந்த காடி இருக்கு. அதுக்கும் இதுக்கும் ஏணி வச்சாலும் எட்டாது." மேசையைக் காட்டினார். அங்கே ஒரு பாட்டில், 'கொழும்புப் பரம்பரைக் காடி' என்ற சீட்டோடு, பட்டு ரிப்பன் கட்டி நின்றது. குழுவில் எல்லோர் வீட்டுக்கும் அந்தக் காடி மாதிரிக்குப் போயிருக்கிறது. ஏட்டுக்கு மட்டும் நாலு வருடத்தில் ஒரு சொட்டுக் கிடைத்ததில்லை. காக்கிச் சட்டைக்கு இனாம் கொடுத்தால் லஞ்சமாகிவிடும் என்பது தலைவியின் கொள்கை.

மாலை 4.35.

கை கழுவிவிட்டு வருவதாகச் சொல்லி ஏட்டு கொல்லைப்புறம் போனார்.

பாத்திரம் தேய்க்கிற அங்கணம். குட்டைச் சுவருக்குப் பொங்கலுக்கு அடித்த சுண்ணாம்பு இன்னும் வெள்ளை மங்கவில்லை. ஓர் இடத்தில் மட்டும் கையகலத்துக்கு ஒரு கோடு, மேலிருந்து கீழே, செங்கல் தெரிய அரித்துப் போயிருந்தது. கீழே மூலையில் இரண்டு மிளகு ஒட்டியிருந்தது.

ஏட்டு அங்கேயே நின்றார். கை கழுவ அவ்வளவு நேரம் ஆகாது. அதே மாதிரிக் கோடு ஒன்றை அவர் நாலு வருடமாகத் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு பொங்கலுக்கும் சுண்ணாம்படிக்க வருகிறவனிடம், "அந்த எடத்த மட்டும் விட்ரு" என்று சொல்லிவிடுவார்.

மாலை 4.50.

"மாரிக்கனி எடுக்கல" என்றார் ஏட்டு, கூடத்துக்குத் திரும்பி வந்து. "யாருமே எடுக்கல. களவே நடக்கல."

"அப்ப ஆடை நடந்து போச்சா?" என்றார் தலைவி.

"நாம எல்லாரும் ஆடையத்தான் தேடுனோம். காடிய யாரும் பாக்கல. ஜாடிக்குள்ள இருக்குறது கடை வினிகரு. நெறத்துக்குத் தேயிலைச் சாயம். நாக்குல துவர்க்குது. அப்ப ஆடை மட்டும் போகல, ஜாடி மொத்தமும் மாறியிருக்கு. எப்ப மாறுச்சு? அதத்தான் மாரிக்கனி சொன்னாக, நாம காதுல வாங்கல. உசுருள்ள காடி இருந்தா பொடிக்கொசு இருக்கும். போன வாரம் இருந்துச்சு. நேத்து அவுக உள்ள போறப்பவே இல்ல. அவுக கதவத் தாண்டுறதுக்கு முன்னாடியே ஜாடி செத்துப் போச்சு."

மாரிக்கனி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"களவாண்டவன் கொண்டு போவான். இங்க கொண்டு போகல, கொட்டியிருக்கு. இந்த வீட்டு அங்கணத்துலயே. காடி பட்டாச் சுண்ணாம்பு பொங்கி அரிச்சுரும். மெளகு கூட அங்கேயே கெடக்கு. சாவி ஒருத்தர் இடுப்புலதான் இருந்துச்சு." குரலை இறக்கினார். "ரஹீமா, கொதிக்கக் கொதிக்க ஊத்திட்டியாம்மா?"

ரஹீமா சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள்.

"கொஞ்சம் மோந்து காச்சினேன் அண்ணே. பூண்டு, மெளகு போட்டு. சூடா ஊத்துனா பாட்டில் விரிஞ்சிரும். ஆறவிட்டா ராத்திரிக்குப் பூச்சி விழும். ஜாடிதான் பெருசு, அது தாங்கும்னு திருப்பி அதுக்குள்ளயே ஊத்தி மூடிட்டேன். காலையில பாட்டில்ல மோந்து குடுத்து விட்டுட்டு உள்ள பாக்குறேன், ஆடை நனஞ்ச துணியா அடியில சுருண்டு கெடக்கு. அஞ்சு வருசத்துல அவுக ஆசையாக் கேட்டது இது ஒண்ணுதான். அந்த அவசரத்துல மதினி குடுத்தத நானே கொன்னுட்டேன். பூண்டு வாசம் காட்டிக் குடுத்துரும்னு எல்லாத்தையும் கொட்டிட்டுக் கடை வினிகர ஊத்தி வச்சேன். உங்ககிட்டச் சொல்லத்தான் இருந்தேன். அதுக்குள்ள இவுக விழான்னு நோட்டீசு அடிச்சிட்டாக. நீங்க மாலையோட நிக்கிறீக. வாய் வரல." மாரிக்கனியின் கையைப் பிடித்தாள். "அல்லா மேல சத்தியமா, உன் மேல பழி விழும்னு நெனைக்கல அக்கா. விழுந்த பொறகும் பேசாம நின்னேன் பாரு, அதுதான் பாவம்."

தலைவி தொண்டையைச் செருமினார். சிறப்புரைக்கு நேரம் வந்துவிட்டதாக அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். "ஒரு குழு உறுப்பினரோட கடமை என்னன்னா..."

"இருங்கம்மா" என்றார் ஏட்டு. ரஹீமாவுக்கு எதிரே தரையில் குந்தினார். "சவுந்தரத்த அடக்கம் பண்ணிட்டு வந்து மூணாம் நாள், வீட்டச் சுத்தம் பண்ணுனேன். ஜாடியத் தொறந்தா மேல ஏடு கட்டியிருக்கு. அழுகிப் போச்சுன்னு அங்கணத்துல கவுத்தேன். சோப்புப் போட்டு ஜாடியையும் கழுவினேன். அது என்னன்னு எட்டு மாசம் கழிச்சுத்தான் தெரிஞ்சுச்சு. நீ அவசரத்துல கொன்ன. நான் வெவரமில்லாமக் கொன்னேன். எந்தச் செக்சன்ல யார யாரு பிடிக்கிறது, சொல்லு."

அப்போதுதான் ஏட்டின் கண் மேசைப் பக்கம் போனது. பட்டு ரிப்பன் கட்டிய பாட்டிலின் தக்கையைச் சுற்றி மூன்று பொடிக்கொசுக்கள் பறந்துகொண்டிருந்தன.

எழுந்து போனார். தக்கையைப் பிடுங்கினார்.

"ஏட்டையா, லஞ்சம்..." என்றார் ராமலட்சுமி அம்மாள். குரல் அரை ஸ்தாயி இறங்கியிருந்தது.

உள்ளங்கையில் ஊற்றி, உறிஞ்சி, விழுங்கினார். காத்திருந்தார். தொண்டையிலிருந்து அது திரும்பி வந்தது. லேசான புகை. அதற்குப் பின்னால் ஒரு பழ வாசம். நாலு வருடம் பட்டையிலும் கிராம்பிலும் தேடியது.

கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"எனக்கு மட்டும் ஏன் குடுக்கலைன்னு இப்பப் புரியுது. சவுந்தரம் இத உங்களுக்கு எப்பக் குடுத்தா?"

ராமலட்சுமி அம்மாளுக்கு முதல்முறையாக நாற்காலி தேவைப்பட்டது. "எண்பத்திரெண்டுல" என்றார். "விருதுநகர் பொருட்காட்சியில பரிசு கெடச்சப்ப எங்க கத்துக்கிட்டீங்கன்னு கேட்டாங்க. போலீஸ்காரர் பொண்டாட்டிகிட்டன்னு சொல்லக் கூச்சமா இருந்துச்சு. கொழும்புன்னு சொன்னேன். பொறகு வருஷா வருஷம் சொல்ல வேண்டியதாப் போச்சு. அவ காதுக்கு வந்தப்பக்கூட, சிரிச்சுட்டுப் போயிட்டா. துக்க வீட்டுல உங்களப் பாத்தப்பவே சொல்லியிருக்கணும், அவ ஜாடி என் வீட்டுல உசுரோட இருக்குன்னு."

"கொழும்பு நம்ம போலீஸ் லைன்லதான் இருந்திருக்கு போல" என்றாள் மாரிக்கனி.

"இதுல என்ன போட்டா?" ஏட்டு இன்னும் திரும்பவில்லை.

"இலந்தை வத்தல். தணல்ல சுட்டு, கொட்டையோட நசுக்கி."

இலந்தை. அவர் தினமும் சைக்கிள் நிறுத்துகிற இடத்தில், முள்ளும் பழமுமாக, மாசியில் ஆள் சீந்தாமல் உதிர்ந்து கிடப்பது.

அன்று சாயங்காலமே ஆடை போலீஸ் லைனுக்குப் போனது. ராமலட்சுமி அம்மாள் வீட்டு ஜாடியிலிருந்து மூன்று துண்டு கிள்ளினார்கள். ஒன்று ஏட்டுக்கு, ஒன்று ரஹீமாவுக்கு, ஒன்று மாரிக்கனிக்கு. மாலை இல்லை. சிறப்புரையும் இல்லை.

மார்ச் 16, வியாழக்கிழமை. காலை 6.15.

ஏட்டு யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டு அடுப்படிக்குள் எட்டிப் பார்த்தார். நாலு நாளாக அவருக்கு இதே வேலை. பழைய இடத்தில் ஜாடி. வாயில் அவளுடைய பழைய நூல் புடவைக் கிழிசல். அதன் மேல் கடுகளவு ஒரு கொசு உட்கார்ந்திருந்தது.

பழக்கத்தில் கை தோளிலிருந்த துண்டை உருவி ஓங்கியது. ஓங்கியபடியே நின்றது. பிறகு மெல்ல இறங்கியது.

"ஏ சவுந்தரம்" என்றார், "கொசு வந்திருச்சு."