தொட்டு வைத்த அப்பம்

சனிக்கிழமை காலை மெத்துசின் தன் பழைய காருக்குள் தலையை விட்டு ஏதோ ஒரு குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து காப்பி குடித்தபடி யோசனை சொல்லிக்கொண்டிருந்தவர் அவருடைய மனைவியின் தம்பி ஜலுதின். மெத்துசின் போலீஸில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஜலுதின் எண்ணெய்க் கம்பெனியில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். அன்றிலிருந்து அத்தானுக்கு உதவியாளராகத் தன்னைத் தானே நியமித்துக்கொண்டவர். அந்த வேலையில் அவர் இன்னும் ஒரு திருடனைக்கூடச் சரியாகச் சொன்னதில்லை. அதற்காக அசருகிற ஆளும் இல்லை.

வேலிக்கு அப்பால் எண்ணெய் இறைக்கும் எந்திரம் வழக்கம்போல எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தது. அப்போதுதான் ஹாஜா கம்சியா வந்து இறங்கினார். கண் இரண்டும் வீங்கியிருந்தன.

எண்ணெய்க் கிணறுகளின் ஊரான செரியாவில் கம்சியாவை எல்லோருக்கும் தெரியும். எண்ணெய் என்றைக்கும் ஊறிக்கொண்டிருக்காது என்று சொல்லி, நல்ல கம்பெனி வேலையை உதறிவிட்டு, துத்தோங் கடற்கரையில் இறால் குளம் வெட்டினார் அவருடைய கணவர். ஊரே சிரித்தது. அவர் இறந்த பிறகு கம்சியாதான் தம் கட்டி நடத்திவந்தார். நோய் தாக்காத தாய் இறால்களை வருஷக்கணக்காகப் பொறுக்கிப் பொறுக்கி உண்டாக்கியிருந்தார்கள். அந்த வம்சத்தை நம்பித்தான் சிங்கப்பூரிலிருந்து குவெக் என்ற முதலாளி பண்ணையில் பாதிக் கூட்டுக்கு வந்திருந்தார். கூட்டு அமைந்தால் பண்ணை பிழைக்கும், இல்லாவிட்டால் மூட வேண்டியதுதான்.

"பூட்டு உடையலண்ணே, கதவு உடையல. தாய் இறாலுங்க மட்டும் இல்ல," என்றார் கம்சியா.

நடந்தது நேற்று, வெள்ளிக்கிழமை மதியத் தொழுகை நேரத்தில். வேலையாட்கள் எல்லோரும் பள்ளிவாசலில் இருந்தார்கள், கம்சியா வீட்டில் இருந்தார். அவரைத் தவிர அறைச் சாவி மூன்று பேரிடம் உண்டு. பண்ணையின் தொழில்நுட்ப ஆள் ரொடேல் பிலிப்பைன்ஸ்காரன், தொழுகைக்குப் போகாதவன், எட்டு வருஷமாக இங்கே இருக்கிறான். லியாவ் டெக் ஹின் இதே ஊரில் பிறந்து வளர்ந்த சீனர், இறால் தீனிக் கடைக்காரர், கம்சியாவின் கணவருக்கு உயிர் சிநேகிதர். மூன்றாவது ஆள் குவெக். சுற்றிப் பார்க்கட்டும் என்று கம்சியாதான் அவருக்கும் ஒரு சாவி கொடுத்திருந்தார்.

ரொடேலை சபாவில் வேறொரு பண்ணை கூப்பிட்டிருக்கிறது. போகும்போது சீதனமாகத் தாய் இறாலையும் எடுத்துப் போகப் பார்க்கிறான் என்பது குவெக்கின் முடிவு. தன் சாயங்கால விமானம் கிளம்புவதற்குள் அவனைப் போலீஸில் ஒப்படைக்க வேண்டும், வீட்டுக்குள்ளேயே திருடனை வைத்திருக்கும் இடத்தில் முதல் போட முடியாது என்று அவர் தீர்த்துச் சொல்லிவிட்டாராம்.

"அவன் எடுக்கலண்ணே. புகார் குடுத்தா அன்னைக்கே அவன் வேலை பெர்மிட் போயிடும். குடுக்கலைன்னா பண்ணை போயிடும்," என்று சொல்லிக் கம்சியா முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மெத்துசின் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினார். கம்சியாவின் காரில்தான் போனார்கள். தன் கார் மீது அவருக்கே நம்பிக்கை இல்லை.

பண்ணை அலுவலகம் ஒரே அறை. உள்ளே நுழைந்ததும் மேசை. அதற்கு அந்தப் பக்கம் தாய் இறால் அறையின் கதவு, கதவோரம் ஒரு பேசினில் தேன் நிற மருந்துத் தண்ணீர். உள்ளே போகும்போதும் வரும்போதும் அதில் கையை முக்கியாக வேண்டும். முக்காமல் போனால் ரொடேல் சாமியாடுவான்.

மேசையில் கூடை மூடி போட்டு ஒரு தட்டு இருந்தது. நேற்றுச் சாயங்கால விருந்துக்காகக் கம்சியா காலையிலேயே சுட்டு வைத்த அரிசி மாவு அப்பம். யார் முதலில் வந்தாலும் சாப்பிடுங்கள் என்று மூன்று பேருக்கும் போனில் செய்தி போட்டிருந்தார். திருட்டுப் போன பதற்றத்தில் அதை யாரும் எடுத்து வைக்கவும் இல்லை, தின்னவும் இல்லை.

மெத்துசின் மூடியைத் தூக்கினார். வெள்ளை வெளேரென்ற அப்பங்கள் காய்ந்து கிடந்தன. ஒன்றின் ஓரத்தில் மட்டும் விரல் நுனி அளவுக்குக் கருநீலமாக ஒரு புள்ளி.

"ஒரு நாள்ல பூஞ்சை பிடிச்சிருச்சு பாருங்க அத்தான். கடற்கரைக் காத்து," என்றார் ஜலுதின்.

"ஒண்ணுல மட்டும் பிடிக்குமா மச்சான்?" என்று கேட்டுவிட்டு மெத்துசின் மூடியை வைத்துவிட்டார்.

ரொடேல் இரவெல்லாம் தூங்கவில்லை. திருடியவன் ஒரு வாளியையும் பேட்டரியில் ஓடும் காற்றுக் குழாயையும் சேர்த்து எடுத்துப் போயிருக்கிறான் என்று அவன்தான் காட்டினான். எங்கே இருந்தாலும் தாய் இறால்கள் சாகக்கூடாது என்பதுதான் அவனுக்குக் கவலை. தன் பெர்மிட்டைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லை. அதைப் பார்த்து ஜலுதினுக்கு மனசு கரைந்துவிட்டது.

கம்சியா எல்லோருக்கும் புட்டும் காப்பியும் கொண்டுவந்தார். ஜலுதினுக்குச் சர்க்கரை வியாதி. தட்டின் விளிம்பை ஒரு விரலால் தொட்டுவிட்டு நகர்ந்துகொண்டார். ரொடேலோ கையை ஆட்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டு நேராகக் குளத்துப் பக்கம் நடந்தான்.

"எட்டு வருஷம் ஆச்சு, திருந்துறானா பாருங்க," என்று கம்சியா அந்தத் துக்கத்திலும் வைதார். "சாப்பிடலைன்னா தொட்டுட்டாவது போடான்னா கேக்க மாட்டான். வெச்ச சோத்தைத் தொடாமப் போறவனை ஒருநாள் வழியில பாம்போ முதலையோ பிடிக்கப் போவுது."

குவெக்கை விசாரித்தார்கள். நேற்று மதியம் பசித்ததாகவும், சாப்பிடலாம் என்று ஊருக்குள் போனால் ஒரு கடைகூடத் திறந்திருக்கவில்லை என்றும், பட்டினியாகச் சுற்றிவிட்டுத் திரும்பியதாகவும், அப்பம் இருக்கும் செய்தியைச் சாயங்காலம்தான் பார்த்ததாகவும் அவர் எரிச்சலோடு சொன்னார். டெக் ஹினையும் போனில் கேட்டார்கள். வெள்ளி மதியம் கடையைச் சாத்திவிட்டுத் தூங்கியதாகச் சொன்னார்.

வெளியே வந்ததும் ஜலுதின் அத்தானின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சிங்கப்பூர்க்காரன்தான் அத்தான். வெள்ளிக்கிழமை மதியம் கடை இருக்காதுன்னு ஊருல கைப்புள்ளைக்கும் தெரியும். சாப்பிடப் போனானாம்! ஒளிச்சு வெச்சுட்டுப் பண்ணையை அடிமாட்டு விலைக்குக் கேக்கப் போறான்."

"உனக்குத் தெரியும். அவருக்குத் தெரியுமா? பொய் சொல்றவன் வயிறாரச் சாப்பிட்டேன்னு சொல்லியிருப்பான் மச்சான், பட்டினி கிடந்தேன்னு சொல்ல மாட்டான்."

ஜலுதினுக்கு முகம் தொங்கிப் போயிற்று. ஆனாலும் அத்தான் சொன்னபடி டெக் ஹினை வரச்சொல்லிப் போன் போட்டார்.

பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் எல்லோரும் அலுவலக அறையில் கூடினார்கள். குவெக்கின் பெட்டி வாசலில் தயாராக இருந்தது. மெத்துசின் கேட்டுக்கொண்டபடி கம்சியா புதிதாக அப்பம் சுட்டு நடுவில் வைத்து, எடுத்துக்கொள்ளச் சொன்னார். சாப்பிடும் மனநிலை யாருக்கு இருந்தது? குவெக் தலையை அசைத்து மறுத்தார். ரொடேல் வழக்கம்போலக் கையை ஆட்டினான். டெக் ஹின் பசியில்லை என்று சொன்னார், சொல்லிக்கொண்டே ஒரு விரலால் தட்டைத் தொட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார்.

மெத்துசின் எழுந்து மருந்துத் தண்ணீரில் விரலை முக்கினார். புதிய அப்பம் ஒன்றைத் தொட்டார். தொட்ட இடம் எல்லோர் கண் முன்னாலும் கருநீலமாக மாறியது. பிறகு கூடை மூடியைத் தூக்கி நேற்றைய அப்பத்தைக் காட்டினார். இரண்டு புள்ளியும் ஒன்றுபோல இருந்தன.

"அயோடின்," என்றான் ரொடேல் மெதுவாக.

"ஆமா. மாவுல பட்டா இப்படித்தான் ஆகும். நேத்து உள்ள போன ஆள், வெளிய வர்றப்பவும் ஒழுங்காக் கையை முக்கிட்டுத்தான் வந்திருக்காரு. ஈரம் காயல. ஒரு கையில வாளி, மனசுல அவசரம். ஆனாலும் நின்னு, மூடியைத் தூக்கி, ஒரு அப்பத்தைத் தொட்டு வெச்சிருக்காரு. எடுத்துத் திங்கல."

"அதனால என்ன?" என்றார் குவெக்.

"நேத்து நீங்க பசியோட இருந்தீங்க. இந்தத் தட்டு கண்ணுல பட்டிருந்தா ரெண்டு அப்பமாவது குறைஞ்சிருக்கும். ரொடேல் சாப்பிட்டா சாப்பிடுவான், வேணாம்னா திரும்பியே பாக்க மாட்டான். திருடுற நேரத்துலயும் வெச்ச சோத்தைத் தொடாமப் போகப் பயப்படுறவன் இந்த மண்ணுல பிறந்தவன்தான். சாவி வெச்சிருக்கிற மூணு பேர்ல அப்படி ஒருத்தர்தான் இருக்காரு."

யாரும் டெக் ஹினைப் பார்க்கவில்லை. பார்க்க எல்லோருக்கும் கூச்சமாக இருந்தது. அவரே தன் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடைக்குப் பின்னால தொட்டியில இருக்கு தங்கச்சி. எல்லாம் உயிரோட இருக்கு," என்றார் கடைசியில். "பரிசோதனைக்குன்னு தாய் இறால்ல பாதியை இவரு இன்னைக்கு விமானத்துல சிங்கப்பூருக்குக் கொண்டுபோறதாப் பேசினாரே. ஒரு தடவை போயிட்டா அடுத்த வருஷம் உன்னைக் கழட்டி விட்டுருவாரு. உன் புருஷன் சாகக் கிடக்கிறப்ப, பாத்துக்கறேன்னு நான் வாக்குக் குடுத்தவன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேண்ணே."

"சொன்னேன். கூட்டு கூட்டுன்னு நின்னே. காதுல வாங்கல."

"சரி, இந்தப் பையன் என்ன பண்ணான்? அவன் தலையில விடிஞ்சப்பவும் வாயை மூடிக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

 டெக் ஹின், யார் மேலும் பழி விழும் என்று நினைக்கவில்லை, சாயங்காலம் விமானம் போனதும் திருப்பி வைத்துவிடலாம் என்று இருந்தேன் என்று ஏதோ முனகினார். ரொடேல் அவரை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. தொட்டித் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று மட்டும் கேட்டான். பதிலைக் கேட்டதும் கம்சியாவின் கார்ச் சாவியை வாங்கிக்கொண்டு ஓடினான்.

குவெக் தன் பெட்டியைக் காலால் உள்ளே தள்ளினார். ரொடேலிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், அவன் வரும்வரை இருக்கிறேன் என்றார். தாய் இறால் எங்கேயும் போக வேண்டாம், பரிசோதிக்க வேண்டியவர்கள் இங்கே வரட்டும் என்பதையும் அவரே சொன்னார்.

டெக் ஹின் எழுந்தார். நாற்பது வருஷமாக வந்து போகும் மனிதர், வாசல் எந்தப் பக்கம் என்று தெரியாதவர்போலத் தடுமாறினார். தட்டுப் பக்கம் கையே நீளவில்லை. இனி இந்த வீட்டுச் சோற்றைத் தொடத் தனக்கு உரிமை இல்லை என்று நினைத்திருப்பார். ஜலுதின் அவரைத் தடுக்கப் பாதி எழுந்தார். ரொடேலின் தூங்காத முகம் கண் முன்னால் நின்றதும் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

படி இறங்கப் போனவரைக் கம்சியாவின் குரல் நிறுத்தியது. கோபம் கொஞ்சமும் குறையாத குரல்.

"எங்க போறீங்க? தொட்டுட்டுப் போங்க. ஆத்தோர ரோடு, முதலை இருக்கு."

டெக் ஹின் திரும்பி வந்தார். விரலால் தொடவில்லை. ஓர் அப்பத்தை எடுத்து, நின்றபடியே முழுவதையும் தின்றுவிட்டுப் போனார்.