கையை எடுக்கவும்

மத்தியானச் சாப்பாடு முடிந்து செங்கம் ரோட்டுப் பட்டறைக்குத் திரும்பினேன். அப்பாதுரையின் டாக்ஸி நின்றிருந்தது. நாளை பௌர்ணமி, கிரிவலச் சவாரிக்கு வண்டி வேண்டுமாம்.

"பவர் ஸ்டியரிங் பெட்டியை மாட்டிட்டேன்மா. புரோகிராம் போட்டுக் குடுத்துடு," என்றார் மேஸ்திரி கோதண்டராமன். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"பெட்டி ஏதுங்க?"

"பழசுதான். உங்க அண்ணன் வண்டில இருந்தது."

போன மாதம் அந்த வண்டி புளியமரத்தில் மோதித்தான் அண்ணன் மாறன் செத்தான். பின்சீட்டில் இருந்த முதலாளி அப்பாதுரைக்குக் கீறல்கூட இல்லை. மலை தெரிந்ததும் ஸ்டியரிங்கை விட்டுக் கையெடுத்துக் கும்பிடுவது இந்த ஊர் டிரைவர்களின் பழக்கம். மாறனும் அப்படித்தான் விட்டான் என்று இழவு வீட்டிலேயே சொன்னார். அம்மா நம்பிவிட்டாள். டயர் மொட்டையாகிவிட்டது, மாற்றுங்கள் என்று அவன் கெஞ்சியதை யாரும் பேசவில்லை.

எனக்கு அழுகை வரவில்லை. லேப்டாப்பைச் சொருகினேன்.

பழைய பதிவை அழித்து, இந்த வண்டியின் எண்ணை எழுதினேன். கடைசி வேலை, சென்சாரைப் பூஜ்ஜியத்தில் நிறுத்துவது. அப்போது ஸ்டியரிங்கை யாரும் தொடக் கூடாது.

'கையை எடுக்கவும்' என்றது திரை.

என் கைகள் மடியில் இருந்தன.

இறங்கிக் கதவைச் சாத்திவிட்டு, ஜன்னல் வழியாகக் கைநீட்டி லேப்டாப்பில் மறுபடி தட்டினேன்.

'கையை எடுக்கவும்.'

ஆயில் நாற்றத்தின் நடுவே வியர்வை வாடை. ஸ்டியரிங்கின் ரெக்ஸின் உறை கிறீச்சிட்டது, யாரோ இறுக்கிப் பிடிப்பதுபோல்.

"சென்சார் போயிருக்கும்மா..." மேஸ்திரியின் குரல் இறங்கிவிட்டது.

"இல்லைங்க. பிடிச்சிட்டிருக்காங்க."

அப்பாதுரை வந்தார். "இன்னாம்மா, இன்ஜினியர்னு பேரு. ஒரு பெட்டிக்கு இவ்ளோ நேரமா?" டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

உடனே விட்டார்.

"இன்னொருத்தன் கை மேல கை வெச்ச மாதிரி..."

நான் கதவை மறித்து நின்றேன். "அன்னிக்கு எங்கண்ணன் கையெடுத்தானா?"

உறை மறுபடி கிறீச்சிட்டது.

"எடுக்கலைம்மா," என்றார் மெல்ல. "டயரு வழுக்கிச்சு. கடைசி வரைக்கும் புடிச்சிட்டேதான் இருந்தான்."

செல்போனில் அம்மாவைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். அதையே அவளிடமும் சொன்னார்.

அவர் போனதும் வண்டிக்குள் குனிந்தேன்.

"போதும்ணா. கையை எடு."

உறை இன்னும் இறுகியது.