பழைய துப்பாக்கியின் புது வில்

வியாழக்கிழமை காலை சர்வேயர் அம்மா செய்தித்தாளின் முதல் பக்கத்தைக்கூடப் புரட்டியிருக்கவில்லை. வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். நாற்பது வயதிருக்கும். விரல் நுனிகளில் அரம் பிடித்த கறுப்பு. அழுது முடித்து, முகம் கழுவிக்கொண்டு வந்திருக்கிறாள் என்பது பார்த்தவுடன் தெரிந்தது.

சர்வேயர் அம்மாவைப் பற்றி இரண்டு வார்த்தை. இருபத்தெட்டு வருடம் காப்பீட்டு நிறுவனத்துக்காக எரிந்த கிடங்குகளையும் மூழ்கிய படகுகளையும் பார்த்து, எது விபத்து, எது வேண்டுமென்றே செய்தது என்று எழுதிக்கொடுத்தவர். ஓய்வு பெற்ற பிறகும் ஊர் அவரை விடவில்லை. அவருடைய தம்பியும் விடவில்லை. தம்பிக்குச் சைக்கிள் கடை இருப்பதாகப் பேச்சு. அக்காவைத் தேடி யாராவது வந்தால் அந்தக் கடைக்குப் பூட்டு விழுந்துவிடும். குற்றவாளி யார் என்பதைத் தம்பி பத்தே நிமிடத்தில் சொல்லிவிடுவார். இதுவரை ஒரு தடவைகூடச் சரியாக இருந்ததில்லை, அது வேறு விஷயம்.

வந்த பெண் அருங்காட்சியகப் பட்டறையில் பழைய ஆயுதங்களைப் பழுது பார்க்கிறவள். இரண்டு மாதத்துக்கு முன் அங்கே இருநூறு வயதுத் துப்பாக்கி ஒன்று வந்தது. விசையை இழுத்தால் சுத்தியல் மாதிரிப் பாய்ந்து அடிக்கிற பாகத்தைக் குதிரை என்பார்கள். அந்தக் குதிரையை உந்தித் தள்ளும் எஃகு வில் ஒடிந்திருந்தது. விரல் நீளத் தகடு, நகத்தைவிடச் சற்றே தடிமன், நடுவில் மடிப்பு. ஒடிந்தால் ஒட்டவைக்க முடியாது, புதிதாகத்தான் செய்ய வேண்டும். பட்டறையின் மூத்தவர் மூன்று முறை செய்து மூன்றும் வீணாயின. இவள் செய்தது முதல் தடவையே நின்றது. செய்தித்தாளில் இவள் படம்கூட வந்தது.

நேற்று, புதன்கிழமை, காட்சிக்கூடத் திறப்பு விழா. நூறு விருந்தாளிகள் எதிரில் அருங்காட்சியகக் காப்பாட்சியர் குதிரையைப் பின்னுக்கு இழுத்தார். கல் கடித்த மாதிரி ஒரு சத்தம். குதிரை துவண்டு தொங்கியது. உள்ளே வில் இரண்டு துண்டு.

நாளை மாலை ஐந்து மணிக்கு அவளுடைய வேலை நிரந்தரமா இல்லையா என்று காப்பாட்சியர் கையெழுத்துப் போட வேண்டும். பழுது பார்க்க வேண்டிய மீதி முப்பது துப்பாக்கிகளையும் வெளிப்பட்டறைக்கு அனுப்பிவிடலாம் என்று இப்போதே பேச்சு அடிபடுகிறதாம்.

"அம்மா, உடைஞ்சது நான் செஞ்ச வில் இல்ல," என்றாள் அவள். "சனிக்கிழமை பத்து தடவை இழுத்துப் பாத்துட்டுத்தான் மூடினேன். சொன்னா, சாக்கு சொல்றேன்னு நினைக்கிறாங்க."

வீட்டில் என்ன சொன்னார்கள் என்று சர்வேயர் அம்மா கேட்டார். கணவன் கடிகாரம் பழுது பார்க்கிறவன் என்றாள். அரம் பிடிக்க அவளுக்குக் கற்றுக்கொடுத்ததே அவன்தான். கல்யாணமான புதிதில் அவன் கடையில்தான் உட்கார்ந்திருப்பாள். அதைச் சொல்லும்போது அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. "ஒரு மாசமா முகம் கொடுத்துப் பேசாத மனுஷன், நேத்து விஷயத்தைக் கேட்டுட்டு அவரே தட்டுல சோறு போட்டுக் கொடுத்தாரு. எல்லாருக்கும் தப்பு வரும், விடுன்னாரு. அவர் ஒருத்தர்தான் ஆறுதலா பேசினது."

சர்வேயர் அம்மா செய்தித்தாளை மடித்து வைத்தார்.

பட்டறை நீளமான அறை. இரண்டு மேஜைகள், ஒரு சிறு உலை, சுவரில் பெரிய கடிகாரம். மூத்தவர் உட்காரச் சொல்லக்கூட இல்லை. கூடவே வந்த தம்பி அவரைப் பார்த்த பார்வையிலேயே விசாரணை முடிந்துபோயிருந்தது.

அந்தப் பெண் மேல் அவருக்குப் பொறாமை உண்டா என்று சர்வேயர் அம்மா நேராகவே கேட்டார். மூத்தவர் சுற்றி வளைக்கவில்லை.

"இல்லாம? முப்பது வருஷமா இங்க இருக்கேன். என் படத்தை எவன் போட்டான்? வயித்தெரிச்சல்தான். அதை இவ மூஞ்சிக்கு நேராவே சொல்லியிருக்கேன்."

சொல்லியிருக்கிறார் என்று அவளும் ஒப்புக்கொண்டாள்.

குதிரையையும் வில்லையும் தாங்கும் பகுதியைப் பூட்டு என்பார்கள்; அதன் தகட்டைத் துப்பாக்கியிலிருந்து மூத்தவரே கழற்றி மேஜைமேல் வைத்தார். திருகாணிகளின் தலையில் ஒரு கீறல் இல்லை. சர்வேயர் அம்மா பூதக்கண்ணாடியை எடுத்தார். உடைந்த துண்டுகளில் மெருகுக் கோடுகள் குறுக்கே ஓடின. வில்லை எப்போதும் நீளவாக்கில்தான் தேய்ப்பேன், குறுக்குக் கோடு இருந்தால் அதில்தான் விரிசல் பிறக்கும் என்றாள் அவள். துண்டு ஒடிந்த இடத்தில் பாதி கறுப்பு, பாதி பளபளப்பு.

"பளபளப்பான பாதி நேத்து உடைஞ்சது. கறுத்த பாதி வில்லைச் செய்யறப்பவே உலைச் சூட்டுல விரிஞ்சது," என்றார் சர்வேயர் அம்மா. "விரிசல் விட்ட வில்லுன்னு தெரிஞ்சேதான் யாரோ மாட்டியிருக்காங்க."

வீணான மூன்று வில்களையும் மூத்தவர் ஒரு தகர டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்திருந்தார். குறுக்கே தேய்ப்பது அவர் வழக்கம். தம்பி பாய்ந்துபோய் டப்பாவைத் திறந்தார். இரண்டுதான் இருந்தன.

"முடிஞ்சுது அக்கா!" என்றார் தம்பி.

மூத்தவருக்கு மூக்கு நுனிவரை சிவந்துவிட்டது. சண்டை மூளுவதற்குள் சர்வேயர் அம்மா அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, பூட்டின் உட்புறத்தைப் பார்க்கச் சொல்லிக் கண்ணாடியைக் கொடுத்தார். உள்ளே எல்லாம் சுத்தமாகத் துடைத்து உலர்ந்திருந்தது. பாகங்கள் உரசுகிற ஐந்து இடங்களில் மட்டும் கடுகு அளவுக்கு எண்ணெய்ப் பொட்டு. நிறமே இல்லாத எண்ணெய். மேஜைமேல் இருந்த பட்டறை எண்ணெயோ மஞ்சளாக, கெட்டியாக இருந்தது.

அவள் வெகுநேரம் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது காலையில் வந்தவள் மாதிரியே இல்லை.

"இதை இத்தோட விட்டுடலாம்மா," என்றாள். "நான் வேற வில்லு செஞ்சுக்கறேன்."

தம்பிக்கு ஒன்றும் விளங்கவில்லை. வேலை போகட்டுமா என்று கேட்டார். போனால் போகட்டும் என்று சொல்லிவிட்டு அவள் கையைத் துடைக்கப் போனாள்.

திங்கட்கிழமை மாலைக்குப் பிறகு துப்பாக்கி பெட்டியில் பூட்டிக் கிடந்தது, புதனன்று நேரே மேடைக்குத்தான் போனது என்று மூத்தவர் சொன்னார். திங்கள் மத்தியானம் ஒரு மணி நேரம் அவரும் அவளும் மேலே காட்சிக்கூடத்தில் துப்பாக்கி வைக்கும் தாங்கிகளைப் பொருத்திக்கொண்டிருந்தார்கள். அப்போது பட்டறைக்கு வேறு யாரும் வரவில்லை. வாராவாரம் திங்களன்று கட்டிடத்திலுள்ள பதினொரு கடிகாரங்களுக்கும் சாவி கொடுக்க வருகிற ஆள் மட்டும் வந்து போனான். அவன் இவளுடைய வீட்டுக்காரன்தான். வீட்டு மனிதனுக்கு யார் காவல் நிற்பார்கள்?

அன்று சாயங்காலம் சர்வேயர் அம்மா தன் கைக்கடிகாரத்தை எடுத்துக்கொண்டு கடிகாரக்கடைக்குப் போனார். கடைக்காரன் மரியாதையானவன். அவன் பின்மூடியைத் திறந்து, உள்ளே ஊதி, துடைத்து, ஊசி முனையில் எண்ணெய் தொட்டுத் தொட்டு வைப்பதை அவர் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒருவர் எட்டிப்பார்த்து, துப்பாக்கி அம்மா கடை இதுதானே என்று விசாரித்தார். கடை என்னுடையது என்று அவன் தலை நிமிராமல் சொன்னான். தாடை மட்டும் இறுகியது.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு சர்வேயர் அம்மா மூத்தவர், அந்தப் பெண், அவள் கணவன் மூவரையும் பட்டறையில் உட்காரவைத்தார். காப்பாட்சியர் வராந்தாக் கோடியில் தன் அறையில் அறிக்கைக்காகக் காத்திருந்தார். எனக்கு எதற்கு அழைப்பு என்று கடிகாரக்காரன் கேட்டான். அவன் மனைவி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சர்வேயர் அம்மா குரலை உயர்த்தவில்லை. விரிசல் விட்ட வில் மூத்தவருடையது, அது நிச்சயம். ஆனால் அவரே மாட்டியிருந்தால் டப்பாவை அப்படியே அலமாரியில் விட்டிருக்க மாட்டார். தவிர, தன் பொறாமையை ஊரறியச் சொல்கிற மனிதர் அதை ஒளித்து வைத்து வேலை செய்யத் தேவையில்லை. தம்பி லேசாக இருமினார்.

"இந்தப் பட்டறையில பூட்டுக்கு எண்ணெய் போட்டா துணியில நனைச்சு உள்ள பூரா பூசுவாங்க. இவரும் அப்படித்தான், இந்தப் பொண்ணும் அப்படித்தான். ஆனா கடைசியா இதை மூடினவர் வேற மாதிரி பழகினவர். முதல்ல துடைச்சு உலர விட்டிருக்காரு. அப்புறம் உரசற இடத்துல மட்டும் ஊசியால பொட்டு வச்சிருக்காரு. அதுக்கு மேல ஒரு சொட்டு கிடையாது. கடிகாரத்துக்கு அப்படித்தான் வைக்கணும், இல்லையா?"

கடிகாரக்காரன் தன் விரல் நுனிகளைப் பார்த்தான்.

"திங்கக்கிழமை டப்பாவுலேர்ந்து விரிஞ்ச வில்லை எடுத்து மாத்திட்டுப் போகத்தான் வந்தீங்க. ஆனா எண்ணெய் போடாம மூட உங்க கைக்குத் தெரியல. இருபது வருஷப் பழக்கம். நேத்து அதைப் பாத்ததும் உங்க சம்சாரம், விட்டுடலாம்னாங்க. தன் பேரு போனாலும் பரவாயில்லன்னு நினைச்சாங்க. உங்க பேரை அவங்க வாயால சொல்லல."

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் திரும்பவில்லை. பிறகு அவன் சட்டைப்பையிலிருந்து காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்துப் பிரித்து மேஜைமேல் வைத்தான். உள்ளே ஒரு வில். நீளவாக்கில் மெருகிட்டது, கருநீலம், ஒரு பொட்டு துரு இல்லை. மூத்தவர் தன்னையறியாமல் அதன் பக்கம் குனிந்தார்.

"எறிஞ்சிருக்கலாமே," என்றார் தம்பி. "வச்சிருந்தா மாட்டிக்குவோம்னு தோணலயா?"

"கொல்லையில சுத்தியலோட உட்கார்ந்தேன்," என்றான் அவன். "அடிக்கக் கை வரல. லென்ஸ் வச்சு எங்கயாவது ஒரு குறை இருக்கான்னு தேடினேன். நாலு நாளா தேடறேன். ஒண்ணுமில்ல. அரம் பிடிக்க நான்தான் சொல்லிக்கொடுத்தேன். நான் செஞ்சா இப்படி வராது. அது எனக்குத் தெரிஞ்சு போச்சு. இவ இங்க இருக்கற வரைக்கும் தினமும் அது தெரிஞ்சுக்கிட்டே இருக்கும். பழையபடி கடையில வந்து உட்கார்ந்துட்டா போதும்னு இருந்துச்சு."

இப்போது அவள் திரும்பினாள்.

"முந்தாநேத்து நீங்க சோறு போட்டுக் கொடுத்தப்ப எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா?" என்றாள். "நான் தோத்த சந்தோஷத்துலதான் போட்டீங்கன்னு தெரியாம அதைச் சாப்பிட்டேன்."

மணி நாலே முக்கால். அறிக்கையில் பெயர் எழுதவா என்று சர்வேயர் அம்மா அவளிடம் கேட்டார்.

"வேண்டாம்மா. நானும் சொல்ல மாட்டேன், நீங்களும் எழுத வேண்டாம். அவர் போய்ச் சொல்லட்டும். சொல்லலன்னா இந்தப் பெரியவர் மேல பழி விழும். அதோட அவர் வாழ்ந்துக்கட்டும்."

கடிகாரக்காரன் எழுந்தான். வராந்தாவில் அவன் காலடி நின்று நின்று போவது கேட்டது. தம்பி கதவிடுக்கில் காதை வைக்கப் போனார், அக்கா பார்த்த பார்வையில் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

கால் மணி நேரம் கழித்துக் காப்பாட்சியரே கையில் காகிதத்தோடு பட்டறைக்கு வந்தார். வேலை நிரந்தரம், கையெழுத்துப் போட்டாயிற்று. கடிகாரங்களுக்குச் சாவி கொடுக்க இனி வேறு ஆள் வருவார் என்றும், போலீசுக்குப் போவதில்லை என்றும் சொன்னார். டப்பாவில் வில் குறைந்ததை வைத்துச் சந்தேகப்பட்டதற்காக மூத்தவரிடம் தனியாக மன்னிப்புக் கேட்டார். மூத்தவர் அதை வாங்கிக்கொண்டு, அந்த வில்லை இன்னொரு தடவை கையில் எடுத்துப் பார்த்தார்.

எல்லோரும் கலைந்தபோது அவள் மேஜையில் உட்கார்ந்து வில்லைப் பூட்டுக்குள் பொருத்திக்கொண்டிருந்தாள். கடிகாரக்காரன் வாசற்படியிலேயே நின்றான்.

"வீட்டுக்கு வருவியா?" என்று கேட்டான்.

அவள் திருகாணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஆறு மணிக்கு வருவேன். இன்னைக்கு நீங்க சமைங்க. நல்லா இருந்தா நல்லா இருக்குன்னு சொல்றேன். அதைச் சொல்றதால எனக்கு ஒண்ணும் குறைஞ்சிடாது."