அலைவாயனுக்கு ஒரு டீ!

கைபேசி அலறியது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி. போர்ட் பிளேரில் அந்த நேரத்துக்கே வெயில் பத்து மணி வெயில் மாதிரி அடிக்கும். ஷாதிபூர் வீட்டில் நீலாவதி இட்லித் தட்டில் மூன்றாவது குழியை நிரப்பிக்கொண்டிருந்தாள். மாவுக் கையோடு எடுத்தாள்.

"ஹலோ…"

"நீலாவதி மேடம்ங்களா? இன்ஸ்பெக்டர் கோவிந்தராஜ் பேசறேன்."

கரண்டி நழுவியது.

"சொ… சொல்லுங்க சார்."

"செத்துப்போன அலைவாயனைக் கடைசியா உயிரோட பார்த்தது நீங்கதானாமே?"

"யா… யார் சார் சொன்னது?"

"நீங்கதான் மேடம். ஃபேஸ்புக்ல. நேத்து சாயங்காலம் அஞ்சு நாப்பதுக்கு. எங்கயும் போயிடாதீங்க, கால் மணி நேரத்துல வர்றேன். டீக் ஹை? சரியா?"

டீக் இல்லை. கொஞ்சம்கூட டீக் இல்லை!

ஏனென்றால் அலைவாயனைக் கொன்றது நீலாவதிதான்.

இன்னொரு விஷயம்… அலைவாயன் என்று ஒருத்தன் கிடையவே கிடையாது. அதுவும் நீலாவதிதான்!

ஆபீஸில் அவள் யூ.டி.சி. நீலாவதி, சர்க்கார் குமாஸ்தா. தலை நிமிராமல் ஃபைல் கட்டும் அப்பிராணி. ஆனால் சனிக்கிழமை மதியமானால் பஜார் சைபர் கஃபேயில் உட்கார்ந்து 'அலைவாயன் பக்கம்' என்ற வலைப்பூவில் தீவையே கிழித்துத் தோரணம் கட்டுவாள். கப்பல் டிக்கெட் கவுன்டரில் யார் யாருடைய குடுமியைப் பிடித்தது, டிரெய்னிங் என்று சொல்லி மெயின்லேண்ட் போன அதிகாரி எந்த ஜவுளிக்கடையில் டிரெய்னிங் எடுத்தார்… எல்லாம் வரும்.

எழுதினால் போதுமா? யாராவது படிக்க வேண்டாமா?

அதற்காக ஃபேஸ்புக்கில் இரண்டு கணக்கு. ஒன்றில் அலைவாயன், படத்துக்கு ஒரு கடல் பறவை. இன்னொன்றில் நீலாவதி… ரோஜாப்பூ, குட்மார்னிங், மகள் பிறந்தநாள் கேக். அலைவாயன் போஸ்ட் போட்டதும் நீலாவதி ஓடி வந்து, 'யார் பெத்த பிள்ளையோ, என்னமா எழுதறார்! அவசியம் படிங்க' என்று பகிர்வாள். தன் வீட்டுக் கல்யாணத்துக்குத் தானே மொய் எழுதுகிற வேலைதான். ஆனாலும் கூட்டம் சேர்ந்தது.

வினையும் சேர்ந்தது.

வெள்ளிக்கிழமை ஆபீஸ் சூப்பரின்டென்டென்ட் சொக்கலிங்கம், மூக்கு நுனியில் கண்ணாடியோடு ஒரு சுற்றறிக்கையை வாசித்தார். அலைவாயன் என்ற ஆசாமி இந்த ஆபீஸ் ஊழியர் என்று டைரக்டர் சந்தேகப்படுகிறார். ஆள் சிக்கினால் உடனே, கப்பலில் ஒரு ராத்திரி தள்ளியிருக்கும் கார் நிக்கோபார் தீவுக்கு டிரான்ஸ்ஃபர்!

நீலாவதி கணக்குப் போட்டாள். புருஷன் சிவபிரகாஷின் ஹார்டுவேர் கடை இங்கே. மகளின் பள்ளிக்கூடம் இங்கே. அவள் மட்டும் அங்கே போய்க் கடலை வெறித்துக்கொண்டு உட்காருவதா?

சனிக்கிழமையே அலைவாயனைத் தீர்த்துக்கட்டிவிட்டாள்.

'காலமானார்' என்று ஒரு வார்த்தை போட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். எழுதுகிற கை சும்மா இருக்குமா? 'சுனாமிக்குப் பிறகு புதிதாகக் கட்டிய படகு ஜெட்டி… கடைசிப் படி… முதுகுக்குப் பின்னால் ஒரு நிழல்… ஒரே தள்ளு! அலைமேல் ஒரு கை மட்டும்… இப்படிக்கு, அலைவாயனின் நண்பன்' என்று அலைவாயன் கணக்கிலேயே வளைத்து வளைத்து எழுதினாள். அதோடும் விடவில்லை. சொந்தக் கணக்கில் வந்து, 'ஐயோ! நாலு மணிக்குக்கூட ஜெட்டிப் படியில் பார்த்தேனே! சிரித்துக்கொண்டே போனாரே!' என்று ஒரு கமென்ட்.

பழக்கதோஷம்!

"ஏங்க! லேப்டாப்பை எடுங்க! ஜல்தி!"

லுங்கியை இழுத்துக் கட்டிக்கொண்டு சிவபிரகாஷ் ஓடி வந்தான். பெண்டாட்டியின் ரகசியம் தெரிந்த ஒரே ஆள் அவன்தான்.

"காலங்காத்தால என்னடி?"

"போலீஸ் வருது! அந்தக் கமென்ட்டை அழிக்கணும்!"

டேட்டா கார்டைச் செருகினார்கள். திரையில் வட்டம் சுற்றியது… சுற்றியது… சுற்றிக்கொண்டே இருந்தது.

"ஸ்டூல் மேல ஏறி ஜன்னலுக்கு வெளிய நீட்டுங்க! டவர் அந்தப் பக்கம்!"

"தூக்கிப் பிடிச்சிருக்கேன்டி! எவ்ளோ வந்துருக்கு?"

"ரோஜாப்பூ வந்துருக்கு!"

"கமென்ட்டு?"

"பாதி 'ஐயோ' வந்துருக்கு!"

அழைப்புமணி அடித்தது.

இன்ஸ்பெக்டர் கோவிந்தராஜ் உள்ளே வந்தார். தீவிலேயே பிறந்து வளர்ந்தவர். ஸ்டூல் மேல் நின்ற சிவபிரகாஷை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒட்டடை சார்" என்றான் சிவபிரகாஷ்.

"அச்சா." உட்கார்ந்தார். "விடிஞ்சதுலேருந்து மூணு டைவர் இறங்கியிருக்கான் மேடம். இதுவரைக்கும் ஒரு ஒத்தச் செருப்பு, ரெண்டு பிளாஸ்டிக் சேர், துருப்பிடிச்ச சைக்கிள் ஒண்ணு. பாடி மட்டும் மிஸ்ஸிங். அந்த ஆள் என்ன டிரெஸ்?"

"வேட்டி" என்றாள் நீலாவதி.

"பேன்ட்" என்றான் சிவபிரகாஷ், அதே நொடியில்.

இன்ஸ்பெக்டரின் பேனா நின்றது.

"மேடம், அந்தாளு போட்டது எண்பத்தேழு போஸ்ட். எண்பத்தேழுக்கும் முதல் லைக் நீங்க. அதுவும் ரெண்டே செகண்ட்ல! நம்ம ஊரு நெட்டுல எனக்கு ஒரு மெயில் திறக்க இருபது நிமிஷம் ஆவுது. உங்களுக்கு மட்டும் எப்படி? பக்கத்துலயே உக்காந்திருந்தீங்களா?"

நீலாவதி மாவுக் கையை முந்தானையில் துடைக்க ஆரம்பித்தாள்.

"சார், நீங்க கொஞ்சம் வெளிய இருக்கீங்களா?" இன்ஸ்பெக்டர் சிவபிரகாஷிடம் குரலைத் தணித்தார். "மேடத்துக்கும் அலைவாயனுக்கும் என்ன தொடர்புன்னு கேக்கணும்."

"பரவால்ல சார், இங்கயே கேளுங்க. எனக்குத் தெரிஞ்சதுதான்."

"தெரியுமா?!"

"மூணு வருஷமா தெரியும். சனிக்கிழமைல நான்தான் ஸ்கூட்டர்ல கொண்டுபோய் விடுவேன்."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார்.

"பெரிய மனசு சார் உங்களுக்கு."

நீலாவதி தலையில் அடித்துக்கொண்டாள். உண்மையைச் சொன்னால் கார் நிக்கோபார். சொல்லாவிட்டால் கொலைக் கேஸ்… கள்ளத்தொடர்பு இலவச இணைப்பு!

கார் நிக்கோபாரில் கம்பியாவது இருக்காது.

"சார்… உண்மையைச் சொல்லிடறேன். அந்த அலைவாயன் வந்து…"

இன்ஸ்பெக்டரின் கைபேசி ஒலித்தது.

"ஹாங், போலோ… க்யா?!… ஹோஷ் மே ஹை க்யா தூ? சுயநினைவோடதான் பேசறியா?" எழுந்தே விட்டார். முகத்தில் ரத்தம் இல்லை. "மேடம்… அலைவாயன் ஸ்டேஷன்ல வந்து உக்காந்திருக்கானாம்!"

"என்னது?!"

"டீ கேக்கறானாம். சக்கரை கம்மியா!"

நீலாவதி பெற்றெடுத்த ஆள். அவளே தள்ளிவிட்ட ஆள். கரையேறி வந்து டீ கேட்கிறான்!

நீலாவதியையும் ஏற்றிக்கொண்டு ஜீப் பறந்தது. ஸ்டேஷன் வாசலில் ஒரே கூட்டம். தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

பெஞ்சில்… பாதிக் கன்னத்தில் ஷேவிங் நுரையோடு, கழுத்தில் சாமந்தி மாலையோடு…

சூப்பரின்டென்டென்ட் சொக்கலிங்கம்!

பக்கத்தில் அவர் மனைவி விசாலாட்சி, கையில் இன்னும் இரண்டு மாலைகள்.

"நல்லா கேளுங்க இன்ஸ்பெக்டர்!" விசாலாட்சி பொரிந்தாள். "குத்துக்கல்லாட்டம் இருக்கற மனுஷனுக்கு காலைலேருந்து மூணு மாலை! ஷேவ் பண்ணிட்டிருந்தவர் கழுத்துல பக்கத்து வீட்டு பெங்காலி வந்து போட்டே போட்டுட்டாரு! இவர்தான் அலைவாயன்னு எங்க லைன்ல எல்லாருக்கும் தெரியும். நான்தான் சொன்னேன்."

"நீங்களா சார்?" நீலாவதிக்குக் குரல் கீச்சிட்டது.

சொக்கலிங்கம் கண்ணாடியைச் சரிசெய்தார். "வெளிய சொல்லிக்கறதில்லம்மா. ஆபீஸ் வேற, எழுத்து வேற. ரெண்டையும் கலக்கக் கூடாது பாரு."

"ஆதாரம்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"'கப்பல் தாமதமானால் துறைமுகத்துக்கு முன்னால் காயில்லாத சாம்பாருக்குத் தெரிந்துவிடும்…' பதினாலாவது போஸ்ட். அதை எழுதும்போது கண்ணுல தண்ணி வந்துடுச்சு சார்." கண்ணை மூடிக்கொண்டு முழுப் போஸ்ட்டையும் கமா விடாமல் ஒப்பித்தார். "எழுபதாவதுதான் கொஞ்சம் சுமார். அன்னிக்கு எனக்கு ஜுரம்."

எழுபதாவதை நாலு சனிக்கிழமை உட்கார்ந்து எழுதியிருந்தாள் நீலாவதி!

"சுமாரா?!"

எல்லாத் தலைகளும் திரும்பின.

"இல்ல சார்… எங்களுக்கெல்லாம் அதுதான் ரொம்பப் பிடிச்சுதுன்னு…"

"அப்ப செத்தது யாரு?" இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"எவனோ வயித்தெரிச்சல் பிடிச்சவன் என் அக்கவுன்ட்டுக்குள்ள புகுந்து எழுதிட்டான் சார். நீலாவதி நல்ல பொண்ணு. எங்க ஆபீஸ்தான். தெரியாம ஏதோ சொல்லியிருக்கும், விட்டுடுங்க."

இன்ஸ்பெக்டர் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

"ரொம்ப நல்லதாப் போச்சு சார். வெள்ளிக்கிழமை உங்க டைரக்டர் எங்களுக்கும் ஒரு காப்பி அனுப்பினாரு. அலைவாயன் யாருன்னு தெரிஞ்சா உடனே சொல்லணுமாம். கார் நிக்கோபார் டிரான்ஸ்ஃபர் ரெடியாம்."

வாய்க்குப் போன சொக்கலிங்கத்தின் டீ கிளாஸ் பாதி வழியில் நின்றது.

"அது வந்து இன்ஸ்பெக்டர்… ஒருவேளை நான் அலைவாயன் இல்லேன்னு வச்சுக்கங்க…"

"என்னது?!" விசாலாட்சியின் கையில் மாலைகள் இறுகின. "எழுதறீங்கன்னுதானே சனிக்கிழமை மத்தியானம் ஃபேனைப் போட்டு ரூமைச் சாத்தி விட்டேன்? தூங்கினீங்களா அப்போ? எங்க அக்கா வீடு, நாத்தனார் வீடு, சம்பந்தி வீடு எல்லாருக்கும் சொல்லி வச்சிருக்கேனே!"

சொக்கலிங்கம் ஒரு பக்கம் கார் நிக்கோபாரை நினைத்தார். இன்னொரு பக்கம் விசாலாட்சியைப் பார்த்தார்.

"நான்தான் சார் அலைவாயன்!" என்றார். "எங்க வேணா கையெழுத்து போடறேன்."

உண்மையைச் சொல்லி அவரைக் காப்பாற்றலாமா என்று நீலாவதி அரை நொடி யோசித்தாள்.

சுமாராமே!

வாயை மூடிக்கொண்டாள்.

கூட்டம் கலைந்தது. சொக்கலிங்கம் தம்பதி மாலைகளோடு ஆட்டோ ஏறினார்கள். கொலையும் இல்லை, டிரான்ஸ்ஃபரும் இல்லை. நீலாவதிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் இன்ஸ்பெக்டர் கோவிந்தராஜ் நாற்காலியில் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார்.

"என்ன சார்… கேஸ்தான் முடிஞ்சுதே?"

"இங்க முடிஞ்சுது மேடம். வீட்டுல இப்பத்தான் ஆரம்பிக்கப் போவுது." சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் கிசுகிசுத்தார். "நான்தான் அலைவாயன்னு என் சம்சாரத்துக்கிட்ட ஒரு வருஷமா சொல்லி வச்சிருக்கேன்!"

நீலாவதி வாய் பிளந்தாள். அவள் கைபேசி அடித்தது. சிவபிரகாஷ்!

"நீலா… பஜார்லேருந்து பத்துப் பேர் வாசல்ல மாலையோட நிக்கறாங்கடி…"

"யாருக்கு?"

"எனக்குத்தான்… உன் பேரு வெளிய வரக் கூடாதுன்னு நீதானே சொன்னே? அதான் என் பேரைச் சொல்லி வச்சிருந்தேன்…"

நீலாவதி கைபேசியை அணைத்தாள். இன்ஸ்பெக்டரைப் பார்த்து நிதானமாகச் சொன்னாள்.

"கார் நிக்கோபார் கப்பல்ல சூப்பரின்டென்டென்ட் சாரோட இன்னும் ரெண்டு டிக்கெட் சேர்த்துப் போட்டுடுங்க சார். உங்களுக்கு ஒண்ணு… எங்க வீட்டுக்காரருக்கு மேல் பெர்த்தாப் பாத்து ஒண்ணு!"