கழுத்தில்லாத கல்லுக்கு ஒரு மாலை

கல்லுக்குக் கழுத்து கிடையாது என்பது கிருபாஷினிக்கு நன்றாகவே தெரியும். அதை ஆளுக்காள் வந்து சொல்லிக்கொண்டிருந்ததுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

டேனிஷ் நகரமான ஹேர்னிங்கில், தேவாலயத்துக்குப் பக்கத்துப் பூங்காவில் அன்று ஒரு நினைவுக்கல் திறக்கப்பட இருந்தது. போர்களில் இறந்துபோன படைப் போதகர்களுக்கான கல் அது. படைப் போதகர் என்றால் சிப்பாய்களோடு போர்க்களத்துக்கே போகிறவர். சுடுவது அவருடைய வேலை இல்லை. காயப்பட்டவனுக்குப் பக்கத்தில் இருந்து ஜெபிப்பார். சாகிறவனின் கையைப் பிடித்துக்கொள்வார்.

முந்தின நாள் பள்ளியில், நான்காம் வகுப்பின் சார்பில் ஒரு 'கிரான்ஸ்' வைக்க வேண்டும் என்று ஆசிரியை மெட்டெ சொன்னதும் முதலில் கை தூக்கியவள் கிருபாஷினிதான். வீட்டுக்கு ஓடிவந்து அம்மாவிடம் சொன்னாள். கிரான்ஸ் என்ற டேனிஷ் சொல்லுக்கு அவளிடம் இருந்தது ஒரேயொரு தமிழ்ச் சொல்தான்: மாலை.

"ஆருக்கு மாலை?" என்று அம்மா ஞானமலர் கேட்டார்.

"போதகர்மாருக்கு."

"அப்ப வடிவாக் கட்டவேணும்!"

அவர்களுடைய சபைக்கு வெளியூர்ப் போதகர் யார் வந்தாலும், கழுத்தில் போடும் மாலையைக் கட்டுவது ஞானமலர்தான். தொழிற்சாலையில் நின்று நின்று கால் கடுத்திருந்தாலும், வெள்ளைச் செவ்வந்தியையும் சிவப்புக் கார்னேஷனையும் மேசையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கோர்த்தார், கோர்த்தார், கோர்த்துக்கொண்டே இருந்தார்.

"காணும் அம்மா!"

"ஒரு ஆளுக்கே? அந்தக் கல்லிலை கனபேரின்ரை பேர் கிடக்கெண்டு நீதானே சொன்னனீ. எல்லாருக்கும் சேர்த்துத்தான்."

மறுநாள் காலை அம்மாவோடு பூங்காவுக்கு வந்தபோதுதான் கிருபாஷினிக்கு விஷயம் விளங்கியது. மற்றவர்கள் பச்சை இலைகளால் செய்த சின்ன வட்டங்களைக் கொண்டுவந்திருந்தார்கள். கிரான்ஸ் என்றால் அதுதான். அதைத் தரையில் வைப்பார்கள், யார் கழுத்திலும் போடமாட்டார்கள்.

"கல்லின் கழுத்து எங்கே இருக்கிறது?" என்று கேட்டான் வகுப்புத் தோழன் எமில். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

விழாவை நடத்தியவர் பவுல், ஓய்வுபெற்ற படை அதிகாரி. பெயர் என்னவோ வேதாகமத்துப் பவுலின் பெயர்தான். பொறுமைதான் கொஞ்சம் மட்டு.

"இது கிரான்ஸ் இல்லை," என்றார் அவர். "என் காரில் வேறொன்று இருக்கிறது. அதை எமில் வைக்கட்டும். நீ இதைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோ."

ஞானமலரின் முகம் வாடிவிட்டது. "விடு பிள்ளை," என்றார் மெதுவாக. "நான் பிழையா விளங்கிப்போட்டன். வா, வீட்டை கொண்டு போவம்."

இதைத்தான் கிருபாஷினியால் தாங்க முடியவில்லை. சொல்லைப் பிழையாகக் கொண்டுபோனது அவள். தலைகுனிந்து நிற்பது அம்மாவா?

"மாட்டன்!" என்றாள் அம்மாவிடம். அதையே பவுலிடம் டேனிஷிலும் சொன்னாள். அவர் புருவத்தை உயர்த்தினார்.

"எங்கள் வகுப்புக்கு வந்து போதகர் லோரன்ஸின் கதையைச் சொன்னீர்களே," என்றாள் கிருபாஷினி. "காயப்பட்ட சிப்பாயை விட்டுவிட்டுத் திரும்பி வா என்று அவருக்குக் கட்டளை வந்தது. அவர் வந்தாரா?"

"அது வேறு விஷயம்."

"வந்தாரா?"

"இல்லை," என்றார் பவுல்.

"நானும் இதை விட்டுவிட்டு வரமாட்டேன்."

மாலையும் காயப்பட்ட சிப்பாயும் ஒன்றா என்று நீங்கள் கேட்கலாம். ஒன்றில்லைதான். ஆனால் அம்மாவுக்காகக் கோபப்பட்டு நிற்கிற பிள்ளையிடம் அதைப் போய்க் கேட்க முடியுமா?

பவுல் பெருமூச்சு விட்டார். "விதி என்று ஒன்று இருக்கிறது. கல்லில் எதையும் தொங்கவிடக் கூடாது."

"சரி. வேறு?"

"தரையில்தான் வைக்க வேண்டும்."

"சரி. வேறு?"

"வட்டமாக இருக்க வேண்டும்!"

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

கிருபாஷினி கல்லைப் பார்த்தாள். கையில் இருந்த நீள மாலையைப் பார்த்தாள். சட்டென்று அவளுடைய முகம் மலர்ந்தது.

"அப்படியென்றால் கல்லைச் சுற்றித் தரையில் வைக்கிறேன். தொங்காது. இரண்டு முனையையும் சேர்த்துக் கட்டினால் வட்டம்!"

பவுல் கல்லைச் சுற்றி ஒரு நடை நடந்து வந்தார். இன்னொரு விதி அகப்படுமா என்று யோசித்தார். ஒன்றும் அகப்படவில்லை.

"வட்டம்தானே," என்றான் எமில். இந்தமுறை அவன் சிரிக்கவில்லை.

"நல்லது," என்றார் பவுல். "ஒலிவாங்கியில் கிரான்ஸ் என்றே சொல்லிவிடுகிறேன்."

"கிரான்ஸ் இல்லை என்று நீங்கள்தானே சொன்னீர்கள். இது மாலை. கட்டியது என் அம்மா, ஞானமலர்."

விழா தொடங்கியது. கொடி அரைக்கம்பத்துக்கு இறங்கியது. இறந்த போதகர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக வாசிக்கப்பட்டன. லோரன்ஸின் பெயரும் வந்தது. பிறகு பவுல் ஒலிவாங்கியின் முன் வந்து நின்றார்.

"அடுத்து நான்காம் வகுப்பு. மாலெ."

கூட்டம் விழித்தது. டேனிஷில் மாலெ என்றால் பெயின்ட் அடிப்பது. கல்லுக்கு இப்போது யார் பெயின்ட் அடிக்கப் போகிறார்கள் என்று முன்வரிசைக்காரர் ஒருவர் கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

கிருபாஷினி மாலையை இரண்டு கைகளிலும் ஏந்தியபடி நின்றாள். ஒரு அடிகூட எடுத்துவைக்கவில்லை.

"போ பிள்ளை, எல்லாரும் பாக்கினம்," என்று கிசுகிசுத்தார் ஞானமலர்.

கிருபாஷினி தமிழில் பதில் சொன்னாள். "அவர் சரியாச் சொல்லட்டும்."

பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "மாலை!" என்றாள்.

"மாலெய்," என்றார் பவுல்.

"மா... லை."

பவுலின் காது சிவந்தது. தொண்டையைச் செருமினார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"நான்காம் வகுப்பு வைக்கும் மாலை," என்றார் தெளிவாக. "கட்டியவர் ஞானமலர்."

அதற்குப் பிறகுதான் கிருபாஷினி மாலையின் ஒரு முனையை அம்மாவின் கையில் கொடுத்து, கல்லை நோக்கி நடந்தாள்.