ஷட்டருக்குள் ஒரே குடம்

திரையில் மூச்சு 61 என்று நின்றது. பானுப்ரியா எந்த விசையையும் தொடவில்லை. அது 60 ஆனது.

அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசைகட்டும் மத்தியானத்தில், தூசிக்குப் பயந்து கம்ப்யூட்டர் சென்டரின் ஷட்டரை வெளியிலிருந்து இறக்கிப் பூட்டிவிடுவார்கள். உள்ளே இருப்பவர்கள் உள்ளேயே கிடக்க வேண்டியதுதான். இன்று அவள் ஒருத்திதான். சாவி காவல்காரர் அய்யாக்கண்ணுவின் இடுப்பில். வருசக்கணக்காகத் தூசி தின்ற அவர் நெஞ்சின் விசில், லாரி உறுமலையும் மீறி, தகரத்துக்கு அந்தப் பக்கம் இழுத்து இழுத்துக் கேட்டது. அந்த இழுப்பைத்தான் குறும்பாகத் தன் கேமில் சேர்த்திருந்தாள். நாளைக்குப் பெரம்பலூர் காலேஜில் ஃப்ளாப்பியில் கொடுக்க வேண்டிய ப்ராஜெக்ட். பூட்டிய வீட்டில் ஒரு காவலாளி, ஒரு பெண். மூச்சு தீருமுன் வெளியேற வேண்டும்.

ப்ரோக்ராமில் 'ஆள்' என்பது தாய் கிளாஸ், மற்றவர்களை வார்க்கும் அச்சு. காவலாளியும் பெண்ணும் அதன் பிள்ளைகள். மூச்சுக் கணக்கை ஸ்டாட்டிக்காக, அதாவது எல்லோருக்கும் பொதுவாக, தாயிடமே வைத்துத் தொலைத்திருந்தாள். ஆளுக்கொரு செம்பு என்று நினைத்துக்கொண்டு எல்லோருக்கும் ஒரே குடத்தை வைத்த முட்டாள்தனம். யார் குடித்தாலும் எல்லோருக்கும் குறையும்.

41. ஆனால் திரையில் இருவரும் அசையாமல்தான் நின்றார்கள். அப்படியானால் குடிப்பது யார்?

மூலையில் மூன்றாவதாக ஒன்று நின்றது. அவள் வரையாத உருவம்.

நெஞ்சு அடைத்தது. வெளியே விசிலும் குறுகியது.

"அண்ணே, ஷட்டரைத் தூக்குங்க. என்னால முடியல."

"லாரி போயிடட்டும் தாயி. எனக்கும்... ஒரு மாதிரியாத்தான்... வருது."

கேமை மூடினாள். அடைப்பு விடவில்லை. பெண் கிளாஸுக்கு மட்டும் தனியாக ஒரு மூச்சு எழுதினாள். காவலாளிக்கும் எழுதியிருக்கலாம். அதற்குள் விரல் கேமை ஓட்டும் விசையை அழுத்திவிட்டது.

பெண்: 100. காற்று நெஞ்சில் இறங்கியது. எவ்வளவு சுகமாக இருந்தது என்பதை நினைத்து வெட்கப்பட்டாள்.

பழைய குடத்தின் மிச்சத்தில் காவலாளி: 9.

4.

1.

வெளியே விசில் நின்றது.

"அண்ணே?"

திரையில் காவலாளி: 0. ஆனாலும் அவர் நடந்தார். மூன்றாவது உருவம் அவர் முதுகோடு ஒட்டி நடந்தது. இரண்டும் கதவை நோக்கி. பெண் அறை நடுவில் நின்றாள். எந்த விசைக்கும் நகரவில்லை.

தகரத்துக்கு அப்பால் சாவிக்கொத்து குலுங்கியது. ஷட்டர் மெல்ல ஏறியது. முதலில் அய்யாக்கண்ணுவின் ரப்பர் செருப்பு. அதன் பின்னால் இன்னொரு ஜோடி கால்.

"லாரி போயிடுச்சு தாயி," என்றார், ஒரு இழுப்பும் இல்லாமல்.

பெண்: 99.